வாய் திறவாதோரின் வாக்கு



மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மவர் சொல்வதுண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் அது பொருந்தலாம். ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் அது பொருந்துமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். மத்திய அரசின் காரியாலயம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்யும் நமக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தக் கடனும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்த இடத்தில் ஒரு சங்கம் தோன்றிவிடுகிறது. தில்லியாகட்டும், மும்பையாகட்டும், ஜாம்ஷெட்பூராகட்டும், அங்கே ஒரு கூடம், சில அலமாரிப் புத்தகங்கள், பொங்கல் விழா, குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இவையெல்லாம் இருக்கும். சட்டதிட்டங்கள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றும் இருக்கும். முன் சொன்னவற்றை எல்லோரும் அறிவார்கள். அந்தச் சிறு புத்தகத்தை மட்டும் யாராவது ஆட்சேபணை எழுப்பும் நாளில்தான் தேடுவார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், வட இந்திய நகரம் ஒன்றில் நாம் அங்கத்தினராயிருந்த சங்கத்தில் ஒரு பிரேரணை வந்தது. தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே அங்கத்தினராகலாம் என்பது அச்சங்கத்தின் பழைய விதி. அதை மாற்றி, வீட்டில் தமிழ் பேசுபவர் எவரும் அங்கத்தினராகலாம் என்று ஆக்க வேண்டும் என்பது பிரேரணை. காரணம் வெளிப்படையானது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், எழுத்துத்தான் தெரியாது. அப்படிப்பட்ட பெண் ஒருத்தி பொங்கல் விழாவின் வேலை முழுவதையும் நான்கு வருஷமாகத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்துவந்தாள். தேவாரம் பாடுவாள், ஆனால் பாட்டை நாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவாள். அவளுக்கு வயது பத்தொன்பது. அங்கத்தினர் அல்லாதவளாகையால் கூட்டம் நடக்கும்போது வெளியே தாழ்வாரத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தவர்களும் மனம் இல்லாதவர்கள் அல்லர். அவர்களில் பெரியவர் ஒருவர் முப்பது வருஷம் சம்பளமின்றிக் குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தவர். "எழுத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் பிறகு எதைக் கற்பிக்க இந்தக் கூடத்தைத் திறந்து வைத்திருப்பது?" என்று அவர் கேட்டபோது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகமும் கண்முன் நின்றது. ஆகவே, ஆதரிப்போர் கை தூக்கியபோதும் நாம் சும்மா இருந்தோம். எதிர்ப்போர் கை தூக்கியபோதும் சும்மா இருந்தோம். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம், பெரும்பான்மையோர் தீர்மானிக்கட்டும் என்பது எண்ணம்.

எண்ணிக்கை இதுவாக இருந்தது. வந்திருந்தவர்கள் 120 பேர். ஆதரவு 64. எதிர்ப்பு 29. நம்மைப் போல் கை கட்டியிருந்தவர்கள் 27 பேர். விதிகளைத் திருத்த மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும். காரியதரிசி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தமிழ் விதியைப் பார்த்தார். "வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்" என்று அதில் இருந்தது. வாக்களித்தவர்கள் 93, அதில் மூன்றில் இரண்டு பங்கு 62. ஆதரவோ 64. தீர்மானம் நிறைவேறியது என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது. கேசரித் தட்டுகூட உள்ளே வந்துவிட்டது.

அப்போது ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் எழுந்து, பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட்ட ஆங்கில மூலத்தைப் படித்தார். அதில் "வந்திருக்கும் அங்கத்தினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்" என்ற பொருள்படும் சொற்களே இருந்தன. வாக்களிப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. வந்திருந்தவர்கள் 120, மூன்றில் இரண்டு பங்கு 80. ஆதரவு 64 என்பது பதினாறு குறைவு. பிரேரணை தோற்றது. தலைவர் தாம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டார். கேசரியை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தமிழ் விதியை எழுதியவர் நாமேதான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, சங்கத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து விதிகள் முழுவதையும் தமிழாக்கிக் கொடுத்திருந்தோம். அரசாங்கக் காகிதங்களில் "வந்திருந்து வாக்களிப்பவர்கள்" என்ற தொடர் அடிக்கடி வரும். அதிலேயே பழகிய கை, மூலத்தில் இல்லாத "வாக்களிப்பவர்களை" இங்கேயும் எழுதிவிட்டது. இப்படி, ஒரே கூட்டத்தில் நாம் இரண்டு தவறு செய்தவர்களானோம்: மொழிபெயர்த்தபோது ஒன்று, கை கட்டி உட்கார்ந்திருந்தபோது ஒன்று.

இனி, கணக்கைப் பார்ப்போம். மூன்றில் இரண்டு பங்கு என்று கேட்டவுடன் அந்த இரண்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எதில் மூன்றில் இரண்டு என்பதை எவரும் கேட்பதில்லை. அடித்தொகை என்ன என்பதைப் பொறுத்தே வாய் திறவாதவரின் நிலை மாறுகிறது. வாக்களித்தவர்களே அடித்தொகையானால், சும்மா இருப்பவர் கூட்டத்துக்கு வராதவருக்குச் சமம். கணக்கில் அவர் இல்லை. வந்திருப்பவர்கள் அடித்தொகையானால், சும்மா இருப்பவர் எதிர்த்து வாக்களித்தவராகிறார். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் சங்கத்தில் கை கட்டியிருந்த 27 பேரும் வாக்கெடுப்புக்கு முன் எழுந்து வெளியே போய்க் காபி குடித்திருந்தால், வந்திருப்போர் தொகை 93 ஆகக் குறைந்து, பிரேரணை நிறைவேறியிருக்கும். உட்கார்ந்திருந்தபடியால் தோற்கடித்தார்கள். அங்கத்தினர் முழுத் தொகையே அடித்தொகையானால், வெளியே போவதாலும் பயன் இல்லை. வீட்டில் தூங்குகிறவரும், விடுமுறைக்குத் திருநெல்வேலி போனவரும் எதிர்ப்பு வாக்கே அளித்தவர்களாகிறார்கள். எங்கள் பதிவேட்டில் அப்போது 210 பெயர்கள் இருந்தன. மூன்றில் இரண்டு 140. அந்தக் கணக்குப்படி, வந்திருந்த 120 பேரும் ஒருமுகமாகக் கை தூக்கியிருந்தாலும் போதாது.

நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தே எழுதினார்கள். பார்லிமெண்டில் சாதாரணக் காரியங்கள் வந்திருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையால் முடிவாகின்றன என்கிறது 100-ஆவது ஷரத்து. அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கான 368-ஆவது ஷரத்திலோ இரண்டு சோதனைகள் சேர்ந்து வருகின்றன: வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், அவ்வாறு ஆதரிப்போர் சபையின் முழுத் தொகையில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். முதல் சோதனை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சபை நடக்கப் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் போதும். 543 பேர் கொண்ட லோக் சபையில் அது 55. அவர்களில் 37 பேர் கை தூக்கி நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே மாற்றிவிடலாம்! இரண்டாம் சோதனை அதைத் தடுக்கிறது. முழுத் தொகை என்பதில் காலி இடங்களும் சேரும் என்பது சபை விதி. ஆக, காலமாகிவிட்ட அங்கத்தினரின் நாற்காலிகூட ஒரு வகையில் எதிர்ப்பு வாக்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. சபாநாயகரை நீக்குவதற்கான 94-ஆவது ஷரத்தோ "அப்போதுள்ள அங்கத்தினர் அனைவரின்" பெரும்பான்மை என்கிறது. அங்கே காலி நாற்காலிக்கு வாக்கு இல்லை. இத்தகைய ஒரு சொல்லுக்காக ஒரு நாள் முழுவதும் செலவழிப்பது எங்கள் தொழிலில் சகஜம். எங்கள் சங்கத்து விதிக்கு மட்டும் அந்த ஒரு நாளை நாம் கொடுக்கவில்லை.

முதல் சோதனை எத்தனை மெல்லிய இழையில் தொங்கக்கூடும் என்பதற்கு 1970-ஆம் ஆண்டு ஓர் உதாரணம் தந்தது. பழைய சமஸ்தானாதிபதிகளுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்க ஓர் அரசியல் சட்டத் திருத்த மசோதா வந்தது. லோக் சபை அதை ஏற்றது. செப்டம்பர் 5-ஆம் தேதி ராஜ்ய சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149-ம், மேற்கொண்டு ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பாகமும். மனிதனை மூன்றாகப் பிளக்க இயலாதாகையால் மசோதா வீழ்ந்தது. எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் வாக்களியாமல் உட்கார்ந்திருந்தால் போதும். மொத்தம் 223 ஆகி, 149 ஆதரவு தாராளமாகப் போதுமானதாக இருந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு கணக்கு விளங்கும். மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய இடத்தில் ஒவ்வோர் எதிர்ப்பு வாக்கையும் ஈடுகட்ட இரண்டு ஆதரவு வாக்குகள் தேவை. ஆகவே, எதிர்ப்பவர் ஒருவரை வாக்களியாமல் இருக்கச் சம்மதிக்க வைப்பது, புதிதாக இரண்டு ஆதரவாளர்களைத் தேடிப் பிடிப்பதற்கு ஒப்பாகும். கட்சித் தலைவர்கள் வாக்கெடுப்புக்கு முந்திய இரவில் ஆதரவு கேட்பதோடு, "ஆதரிக்காவிட்டாலும் போகிறது, சும்மா இருந்துவிடுங்கள்" என்றும் கேட்பது இதனால்தான். மானியம் 1971-ஆம் ஆண்டின் இறுதியில் 26-ஆவது திருத்தத்தால் ஒழிந்தது. இடையில் ஒரு ஜனாதிபதி உத்தரவும், அதைச் செல்லாதாக்கிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும், ஒரு பொதுத் தேர்தலும் நடந்தேறின.

இரண்டாம் சோதனையின் பலத்தை 1993-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி நாடு கண்டது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி. ராமசாமி அவர்களைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானம் லோக் சபையில் வாக்குக்கு விடப்பட்டது. நீதிபதியை நீக்கவும் 124-ஆவது ஷரத்து அதே இரட்டைச் சோதனையை விதிக்கிறது. ஆதரவு 196. வாக்களியாமல் இருந்தவர்கள் 205. எதிர்ப்பு? ஒன்றுகூட இல்லை. வாக்களித்தவர்களை மட்டும் பார்த்தால் தீர்மானம் ஏகமனதாக வென்றது; மூன்றில் இரண்டு என்ன, மூன்றுக்கு மூன்றும் அதன் பக்கமே. ஆனால் அப்போதைய முழுத் தொகையான 545-இல் பாதிக்கு மேல் என்றால் 273 வேண்டும். 196 எட்டவில்லை. தீர்மானம் தோற்றது. எதிராக ஒரு குரலும் எழாத தீர்மானம் தோற்றது என்பதை வெளிநாட்டவர் ஒருவருக்கு விளக்க முயன்றால், அவர் நம்மை ஐயத்தோடு பார்ப்பார். அந்த 205 பேருக்கு "இல்லை" என்று பதிவு செய்ய வேண்டிய தேவையே ஏற்படவில்லை. சொல்லாமலே அந்தக் காரியம் முடிந்தது. அது நியாயமா என்பது பற்றி அன்று முதல் பலர் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். நம் அபிப்பிராயம் கேட்டால், தோற்கடிக்கும் எண்ணம் இருந்தால் "இல்லை" என்று சொல்லித் தோற்கடித்திருப்பதே சபைக்கு அழகாக இருந்திருக்கும்.

ஜனாதிபதியின்மீது குற்றம் சாட்டி நீக்குவதற்கோ, 61-ஆவது ஷரத்துப்படி, சபையின் முழுத் தொகையிலேயே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அங்கே சும்மா இருத்தலுக்கும் எதிர்த்தலுக்கும் அணுவளவும் பேதம் இல்லை.

உலக அரங்கில் இதற்கு நேர்மாறான வழக்கத்தைப் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் முக்கியமான விஷயங்களுக்கு வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும். நடுநிலை வகிப்போர் வாக்களித்தவராக எண்ணப்படுவதில்லை. 1947-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, பாலஸ்தீனத்தைப் பிரிப்பதற்கான திட்டம் இப்படித்தான் நிறைவேறியது. ஆதரவு 33. எதிர்ப்பு 13, இந்தியா எதிர்த்தவர்களில் ஒன்று. பிரிட்டன் உள்பட 10 நாடுகள் நடுநிலை வகித்தன. ஒரு நாடு வரவில்லை. வாக்களித்த 46-இல் மூன்றில் இரண்டுக்கு 31 போதும், 33 கிடைத்தது. எங்கள் சங்கத்து விதிப்படி, வந்திருந்த 56 நாடுகளையும் அடித்தொகையாகக் கொண்டிருந்தால் 38 வேண்டியிருக்கும், திட்டம் தோற்றிருக்கும். பத்து நாடுகளின் மௌனத்தை எந்த ஏட்டில் பற்று எழுதுவது என்பதில் ஒரு பிரதேசத்தின் கதையே அடங்கியிருந்தது.

நம் வீட்டு விவகாரத்துக்கே திரும்புவோம். தில்லி போன்ற இடங்களில் உள்ள சங்கங்கள் பல 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. மேற்கு வங்காளமும் கர்நாடகமும் தமக்கெனத் தனிச் சட்டம் செய்துகொண்டுள்ளன. அங்குள்ள அன்பர்கள் அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, சங்கத்தின் நோக்கத்தை மாற்றவோ வேறொரு சங்கத்தோடு இணைக்கவோ ஐந்தில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும் என்றும், ஒரு மாத இடைவெளிக்குப்பின் கூடும் இரண்டாம் விசேஷக் கூட்டத்தில் வந்திருக்கும் அங்கத்தினரில் ஐந்தில் மூன்று பங்கினர் அதை உறுதி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த இரண்டாம் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர் எதிர்ப்பவரே. 13-ஆவது பிரிவின்படி சங்கத்தையே கலைப்பதற்கு அங்கத்தினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் விரும்ப வேண்டும். அங்கே வீட்டில் இருப்பவரும் எதிர்ப்பவரே. இது நல்லதுதான். பத்துப் பேர் கூடி ஒரு மழைநாளில் சங்கத்தைக் கலைத்துவிட முடியாது. இன்னொரு சங்கதி: 15-ஆவது பிரிவுப்படி, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கும் இல்லை, அங்கத்தினர் எண்ணிக்கையில் இடமும் இல்லை. எங்கள் பதிவேட்டின் 210 பெயர்களில் இதன்படி எத்தனை நிலைக்கும் என்று கணக்கர் பார்க்க ஆரம்பித்தபோது, பல பெரிய மனிதர்கள் மறுநாளே சந்தா கட்டினார்கள். கம்பெனிகளின் கதை வேறு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி விசேஷத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மும்மடங்காயிருந்தால் போதும். பேசாதிருப்பவரைப் பற்றி அச்சட்டத்துக்குக் கவலை இல்லை.

சில சமயம் சும்மா இருப்பதே கடமையாகிவிடும். சங்கக் கட்டடத்தைப் பழுது பார்க்கும் ஒப்பந்தத்தைத் தம் தம்பிக்குக் கொடுக்கும் தீர்மானத்தில் அண்ணன் வாக்களிக்கலாகாது. ஆனால் வந்திருப்போர் என்பது அடித்தொகையானால், அவர் நாற்காலியில் இருந்தபடியே ஒதுங்கியிருப்பது தம்பிக்கு எதிரான வாக்காகும். அப்போது அவர் கூடத்தை விட்டு வெளியே சென்று, தாம் சென்றதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் போன பிறகும் கூட்டம் நடப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கிறதா என்று தலைவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் கூட்டம் கலைந்த அன்று மாலை, அந்தப் பெண் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நம்மைக் கண்டதும், "மாமா, நீங்கள் எதிர்த்தா கை தூக்கினீர்கள்?" என்று கேட்டாள். "இல்லை அம்மா, நான் எந்தப் பக்கமும் தூக்கவில்லை" என்றோம். அவள் சற்று யோசித்து, "அப்படியானால் எதிர்த்ததுதானே மாமா, அந்தக் கணக்குத் தாத்தா சொன்னாரே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சரிதானா என்று கேட்பவளைப் போலக் கேட்டாள். சரிதான் என்று ஒப்புக்கொண்டு வீடு திரும்பினோம். பின்னர் அந்த 27 பேரில் பலரிடம் பேசினோம். எதிர்ப்பதாக நினைத்துச் சும்மா இருந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள், தங்கள் வாக்கு எதற்கும் உதவாது ஒதுங்கி நிற்பதாகவே எண்ணியிருந்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்துப் பிரேரணை மீண்டும் வந்தது. இம்முறை அரிச்சுவடிப் பெரியவரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: வீட்டில் தமிழ் பேசுபவர் எவரும் சேரலாம், சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் எழுத்தைக் கற்றுக்கொள்வதாக ஒப்ப வேண்டும், கற்பிப்பது சங்கத்தின் பொறுப்பு. வாக்கெடுப்புக்கு முன் தலைவர் எழுந்து, "வந்திருப்பவர்கள் 118, நிறைவேற 79 வேண்டும், பேசாமல் இருப்பவர்கள் எதிர்ப்பவர்களாகவே எண்ணப்படுவார்கள்" என்று இரண்டு முறை அறிவித்தார். ஆதரவு 84, எதிர்ப்பு 31, கை கட்டியிருந்தவர்கள் மூன்று பேர். நாம் ஆதரித்துக் கை தூக்கினோம்.

அந்தப் பெண் அதற்குள் வேலை கிடைத்துப் புணேக்குப் போய்விட்டாள். அறிவிப்புப் பலகையில் இருந்த பழைய விதியின்மேல், "வாக்களிப்பவர்களில்" என்ற சொல்லை மறைத்து, "வந்திருப்பவர்களில்" என்று எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றை நாமே ஒட்டிவிட்டு வந்தோம்.